டிஷ்வாஷர் எந்தச் சத்தத்தில் நின்றது?

வணக்கம் நேயர்களே.

டிஷ்வாஷர் சரியாகக் கழுவவில்லை என்றால் எல்லோரும் முதலில் பாத்திரத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அதைவிட, இயந்திரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்தால் பலன் அதிகம். கதவு மூடியிருப்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது.

பட்டனை அழுத்தியதும் பெரும்பாலான மாடல்களில் முதலில் ஓர் 'உர்ர்' கேட்கும். அடியில் தங்கிய பழைய தண்ணீரை டிரெயின் பம்ப் வெளியே தள்ளுகிறது. அடுத்து வருவது 'உஸ்ஸ்'. இன்லெட் வால்வு திறந்து புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது. அது நின்றதும் மழை தகரத்தில் அடிப்பதுபோல ஒரு சளசளப்பு. கழுவும் பம்ப் ஓடுகிறது, தண்ணீரைப் பீய்ச்சும் துளைக்குழாயான ஸ்ப்ரே ஆர்ம் சுழல்கிறது. பிறகு மறுபடி உர்ர், மறுபடி உஸ். கடைசியில் ஒரு நீண்ட அமைதி. அது உலரும் நேரம். அந்த அமைதியைக் கேட்டு 'மெஷின் நின்றுபோச்சு' என்று கதவைத் திறந்துவிடுபவர்கள் நிறைய. திறக்க வேண்டாம், அது வேலைதான் செய்கிறது.

முதலில் அந்த 'உஸ்'. அது வரவே இல்லை, அல்லது மெலிதாக இழுத்துக்கொண்டே போகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் இயந்திரத்துக்கு வெளியே இருக்கும். பல மாடல்களுக்குக் குறைந்தபட்சம் 0.5 பார் நீர் அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் தரும் என்பது கணக்கு. அப்படியென்றால் குழாய்க்கு 5 மீட்டராவது மேலே தொட்டி இருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே, கடைசி மாடி வீட்டில் 3 மீட்டர்கூடத் தேறாது. கீழ்வீட்டில் நன்றாக ஓடும் அதே மாடல் மேல்வீட்டில் தகராறு செய்வதற்குக் காரணம் இதுதான். குழாயை முழுதாகத் திறந்து ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் கவலை இல்லை. அதில் பாதிகூட வரவில்லையென்றால் சின்ன பிரஷர் பம்ப் ஒன்று போடத்தான் வேண்டும்.

வாளியில் தண்ணீர் நன்றாக வருகிறது, இயந்திரத்துக்குள் மட்டும் வரவில்லை என்றால், குழாயை மூடிவிட்டு ஹோஸின் நட்டைக் கழற்றுங்கள். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். மணலும் துருவும் அதில்தான் அடைக்கும். தொட்டி கழுவிய மறுநாள் டிஷ்வாஷர் நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம், நேரே இங்கே வாருங்கள்.

அடுத்தது சளசளப்பு. 1886-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசஃபின் காக்ரேன் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தின் அடிப்படை, தட்டுகளைக் கம்பிச் சட்டத்தில் அசையாமல் நிறுத்தி, தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுவது. தேய்க்கும் கை கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான். ஆகவே தண்ணீர் படாத இடம் கழுவப்படாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த கிண்ணம், குண்டானின் மறைவில் நிற்கும் டம்ளர், நீட்டிக்கொண்டு ஸ்ப்ரே ஆர்மைத் தடுக்கும் கரண்டி ஆகியவை எத்தனை முறை ஓட்டினாலும் அழுக்காகவே வரும். கதவை மூடுமுன் கீழ், மேல் இரண்டு ஸ்ப்ரே ஆர்மையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இரண்டு விநாடி வேலை. 'டக் டக்' என்று சீராக ஒரு சத்தம் வந்தால் ஏதோ ஒரு பாத்திரம் ஆர்மில் இடிக்கிறது.

நம் சமையலுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. கடுகு. ஸ்ப்ரே ஆர்மின் துளைகளில் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கவனியுங்கள், அந்தக் கடுகு மேலிருந்து விழுந்ததல்ல. இயந்திரம் சில லிட்டர் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. ஃபில்டரைத் தாண்டி, பம்ப் வழியாக உள்ளிருந்து வந்த கடுகு அது. ஆகவே ஆர்மைக் கழற்றிப் பல்குச்சியால் குத்தி எடுத்தால் மட்டும் போதாது. ஃபில்டர் ஏன் விட்டது என்று பார்க்க வேண்டும். கழுவிய பிறகு கடைசித் திருகலில் சரியாகப் பூட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது கம்பி நார் போட்டுத் தேய்த்து வலை கிழிந்திருக்கும்.

ஃபில்டரைக் கழற்றுவது எளிது. பாத்திரம் அடுக்கும் கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டு, நடுவில் உள்ள உருளையை இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் வந்துவிடும். குழாயடியில் பிடித்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். வாரம் ஒரு முறை என்று சொல்வார்கள். தினமும் தாளிப்பும் தேங்காய்த் துருவலும் புழங்கும் வீட்டில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எட்டிப் பாருங்கள். பாத்திரத்தைக் கழுவிவிட்டு அடுக்க வேண்டியதில்லை. கறிவேப்பிலையையும் புளிச் சக்கையையும் வழித்துப் போட்டால் போதும். காய்ந்துபோன இட்லி மாவுக்கு மட்டும் விதிவிலக்கு. அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

இனி, நம் ஊரில் மிக அதிகமாக வரும் புகார்: பாத்திரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. இதற்கு எந்தச் சத்தமும் உதவாது. ஒரு கண்ணாடி டம்ளரும் கொஞ்சம் வினிகரும் போதும். டம்ளரைச் சும்மா தண்ணீரில் அலசினாலே வெள்ளை போய்விட்டால், அது தண்ணீரில் கரைந்திருந்த உப்பு, அல்லது சரியாக அலசப்படாத டிடர்ஜென்ட். தண்ணீருக்குப் போகாமல் வினிகருக்குப் போனால் அது சுண்ணாம்புப் படிவு. கடினத் தண்ணீரின் வேலை. வினிகருக்கும் போகவில்லையென்றால் கண்ணாடியே அரித்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

சுண்ணாம்புப் படிவைத் தடுக்கவே இயந்திரத்துக்குள் ஒரு சாஃப்ட்னர் இருக்கிறது. அதிலுள்ள பிசின் மணிகள் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் ஓடி அவற்றை மறுபடி தயார்செய்யும். நாம் போடும் சால்ட் அதற்குத்தான், பாத்திரத்துக்கு அல்ல. சமையல் உப்பைப் போடாதீர்கள். தூளாக இருப்பதால் கட்டிதட்டும். கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் சாஃப்ட்னரை அடைக்கும். டிஷ்வாஷர் சால்ட் என்று விற்கும் பரல் உப்பே வேண்டும். இயந்திரத்தின் உப்புத் தொட்டி சுமார் 1 கிலோ பிடிக்கும். முதல் தடவை மட்டும் அதில் தண்ணீர் ஊற்றிவிட்டு உப்பைப் போட வேண்டும். எப்போது போட்டாலும் உடனே ஒரு முறை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் ஸ்டீலில் துருப் புள்ளி விழும். மூடியைக் கோணலாகத் திருகினாலோ வம்பு. உப்புக் கரைசல் கசிந்து, பாத்திரமெல்லாம் நாக்கில் கரிக்கும்.

உப்புப் போட்டும் வெள்ளை வருகிறதென்றால் கடினத்தன்மை அமைப்பைப் பார்க்க வேண்டும். கடையில் வந்த அமைப்பிலேயே வருஷக்கணக்கில் ஓடும் இயந்திரங்கள் பல. மாடலைப் பொறுத்து இந்த அளவு ஜெர்மன் டிகிரியில் இருக்கும். 1 டிகிரி என்பது, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். உங்கள் போர் தண்ணீரில் 400 மில்லிகிராம் என்று சோதனையில் வந்தால், 17.8-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 22 டிகிரி. அந்த எண் அடங்கும் நிலையில் வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்கும் அளவு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை விடலாம் என்கிறது. கோடையில் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் மாறி மாறி வரும் வீட்டில், இரண்டில் எது அதிகமோ அதற்கு ஏற்ப வையுங்கள். டி.டி.எஸ். மீட்டரை வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். அது கரைந்த உப்பு அத்தனையையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மைக்குத் தனிச் சோதனைப் பட்டை இருக்கிறது. சாஃப்ட்னர் கால்சியத்தை மாற்றுமே ஒழிய மொத்த உப்பைக் குறைக்காது. வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும் தண்ணீர் என்றால் அமைப்பை எப்படி மாற்றினாலும் கொஞ்சம் திட்டு இருக்கும். ஆர்.ஓ. கழிவுநீரை இதற்குத் திருப்பிவிடும் யோசனை வேண்டவே வேண்டாம். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும்.

ரின்ஸ் எய்ட் என்பது கடைசி அலசலில் சேரும் திரவம்; அது தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் வழியவைக்கும். துளித் தழும்பு தெரிந்தால் அளவைக் கூட்டுங்கள், நீலக்கோடு தெரிந்தால் குறையுங்கள். பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் மட்டும் ஈரமாக வருவது கோளாறல்ல. பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, அதனால் காயாது. கையால் தேய்க்கும் பாத்திரத் திரவத்தை ஒரு சொட்டுகூட உள்ளே விடாதீர்கள். நுரை கிளம்பிக் கதவுக்குக் கீழே வழியும்.

இப்போது முதலில் சொன்ன 'உர்ர்'. சத்தம் வருகிறது, தண்ணீர் போகவில்லை. ஃபில்டர் குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது இயல்பு. அதற்கு மேலே தேங்கினால்தான் பிரச்சினை. பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் பம்ப்பின் மூடி தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த கண்ணாடி இருக்கலாம். மூடியை நெம்பி எடுத்து உள்ளிருக்கும் சின்ன விசிறியை விரலால் சுற்றுங்கள். விட்டுவிட்டுத் துள்ளித் துள்ளிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. அது பழுதல்ல. சுற்றவே இல்லையென்றால் கறிவேப்பிலைக் காம்போ பல்குச்சியோ மாட்டியிருக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வெளிக்குழாய் மடங்கியிருக்கிறதா, சிங்க்கின் அடியில் சேரும் இடம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழாயைத் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்காவது மேலே தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். தாழ இருந்தால் உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டிருக்கும். 1 மீட்டருக்கு மேல் போனால் பம்ப்புக்குச் சிரமம்.

'உர்ர்' நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. இயந்திரத்தின் அடித்தட்டில் தண்ணீர் கசிந்து, அங்குள்ள மிதவை மேலே எழும்பியிருக்கும். பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் இதற்கு ஈ15 என்று காட்டும். வடிகால் அடைப்புக்கு ஈ24. எல்ஜியில் வடிகாலுக்கு ஓஈ, தண்ணீர் வரவில்லையென்றால் ஐஈ. கசிவு என்றால் குழாயை மூடுங்கள், பிளக்கை எடுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மின்சாரத்தில் இரண்டே செய்தி. ஹீட்டர் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. சளசளப்பு தொடங்கிச் சில நிமிடத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் ஹீட்டரைச் சந்தேகிக்கலாம். இன்னொன்று லோ வோல்டேஜ். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் ஹீட்டரின் சூடு நாற்பது சதவீதம் குறைந்துவிடும். கழுவும் நேரம் நீள்வது அதனால்தான்.

அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போகும். ஈயச் சொம்பு, பித்தளை, இரும்புத் தோசைக்கல், மர மத்து எதுவும் உள்ளே போகக் கூடாது. மிக்ஸி ஜாரையும் கையால் கழுவுங்கள். அடிப் புஷ்ஷின் கிரீஸ் சுடுதண்ணீரில் கரைந்துவிடும். மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக்கை வெயிலில் வையுங்கள், இயந்திரத்தைவிட வெயில் நன்றாக எடுக்கும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பாத்திரம் எதுவும் இல்லாமல், டிடர்ஜென்டும் இல்லாமல், 50 கிராம் சிட்ரிக் ஆசிட் தூவி, இருப்பதில் அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் அடிப்பதில்லை. கரப்பான் பூச்சி அங்கேதான் குடிவரும். ஈரத் துணியால் நீங்களே துடைத்துவிட வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் நிலை வந்தால் 'ஓடவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். உர்ர் வந்ததா, உஸ் வந்ததா, சளசளப்பு எத்தனை நிமிடம் கேட்டது, நின்றபோது உள்ளே தண்ணீர் இருந்ததா, அது சூடாக இருந்ததா, திரையில் என்ன எழுத்து தெரிந்தது என்று சொல்லுங்கள். எந்தப் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.