பாலம் இல்லாத ஒரு பாம்பன் வ்லாக்

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் பாலம் மேலே ஏறுகிற காட்சி கிடையாது. ட்ரோன் ஷாட் கிடையாது. பி.ஜி.எம். கூடக் கிடையாது, காற்றுச் சத்தம்தான். கச்சான் காற்று பிடித்துவிட்டது. மைக்குக்குப் பஞ்சு சுற்றியிருக்கிறேன், அதையும் மீறி இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பாம்பன்காரியாக இருந்துகொண்டு உன் சேனலில் பாலத்தையே காட்ட மாட்டேன் என்கிறாயே" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். சரி, அவருக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். புது ரயில் பாலத்தை 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு, லிஃப்ட் போல அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். பழைய பாலம் 1914இல் வந்தது. அதில் நடுத்துண்டு இரண்டாகப் பிளந்து விரியும், அதற்கு ஆட்கள் நின்று கையால் சுற்ற வேண்டும். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவதை நிறுத்தினார்கள். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் ரயில் எல்லாம் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிடும், மீதித் தூரத்துக்கு பஸ்தான். முடிந்தது. இதை என்னைவிட அழகாக எடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

எனக்குப் பாலத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. எங்கள் ஊருக்கு வருகிற கேமரா எல்லாம் யாருக்காக வருகிறது என்பதுதான் கொஞ்ச நாளாக மண்டையைக் குடைகிறது.

டிவி வேன் இங்கே எப்போது வரும்? புயல் வந்தால் வரும். மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் வரும். பெரிய மனிதர்கள் கோயிலுக்கு வந்தால் வரும். மற்ற நாளில் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்றுகூட யாருக்கும் சந்தேகம் வராது.

புயல் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று கீழே சிவப்பு எழுத்து ஓடும். மழைக்கோட்டு மாட்டிய ஒரு தம்பி ரோட்டுப் பாலத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார். ஒன்றாம் எண் என்றால் என்ன? தூரத்தில் எங்கோ கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, அவ்வளவுதான். இங்கே அன்றைக்கு வெயில்கூட அடிக்கும். ஆனால் சென்னையில் இருக்கும் என் அத்தை அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு போன் செய்து அழுவார். எங்கள் தெருவில் கேள்வி வேறு. டோக்கன் கொடுக்கிறார்களா, இல்லையா? மீன்துறை டோக்கன் நிறுத்திவிட்டால் கடலுக்குப் போக முடியாது. இங்கே விசைப்படகு திங்கள், புதன், சனிதான் போகும். அதில் ஒரு நாள் போச்சென்றால் அந்த வாரக் கணக்கே மாறிவிடும். எந்த டிவியிலும் "இன்று டோக்கன் இல்லை" என்று ஓடிப் பார்த்ததில்லை. அந்தச் செய்தி வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில்தான் வரும், பின்னணியில் யார் வீட்டுச் சேவலோ கூவிக்கொண்டிருக்கும்.

கூண்டு எண் 11 வரைக்கும் உண்டு. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது தெரிந்தபோது 1964தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் நடந்தது அதுதானே. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் அடித்துக்கொண்டு போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். வெளியே இருப்பவர்களுக்கு விஷயம் போய்ச் சேரவே நேரமானது. இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சமயத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் வெளியூர்க்காரர் யாரிடமாவது அந்தப் புயலைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் இந்த இரண்டு பேரைத்தான் சொல்கிறார்கள். ரயிலில் போனவர்களில் ஒருவர் பெயராவது சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். நட்சத்திரம் பக்கத்தில் நின்றால் புயலே துணை நடிகர் ஆகிவிடுகிறது.

தனுஷ்கோடி என்றதும் அந்த தம்ப்நெயில் விஷயம். "பேய் ஊர்", "இரவில் யாரும் போகாத இடம்", ஒரு அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார், பின்னால் இடிந்த சர்ச். மக்களே, அந்த சர்ச்சுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் கடை போட்டிருக்கிறார்கள். சங்கு, பாசிமணி விற்கிறார்கள், மீன் பொரித்துத் தருகிறார்கள். கரைவலை இழுக்கிறார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். புயலுக்கு அப்புறம் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது உண்மைதான். அதற்காக அங்கே குடும்பம் நடத்துகிறவர்கள் பேய் ஆகிவிடுவார்களா? சாயங்காலத்துக்கு மேல் சுற்றுலா வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது பாதுகாப்புக்காக. அதையும் பேய்க் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். போன மாதம் ஒரு வ்லாக்கில், கரைவலை இழுக்கிற பெரியவரை ஃபிரேமில் இருந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு "இங்கே மனித நடமாட்டமே இல்லை" என்று பேசுகிறார் ஒருவர். பெரியவரின் தலை ஓரத்தில் தெரிகிறது! எடிட்டிங்கில் வெட்ட மறந்துவிட்டார்.

சினிமாக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. பாட்டு எடுக்க வருவார்கள், ஹீரோ கையை விரித்துக்கொண்டு தனுஷ்கோடிக் கோடியில் இருக்கிற அரிச்சல்முனையில் சுற்றுவார், நல்லாத்தான் இருக்கும். ஆனால் கதையில் ராமேஸ்வரத்து மீனவர் என்று ஒருவர் வந்தால், வாயைத் திறந்ததும் சென்னைக் காசிமேட்டுப் பேச்சு. எங்கள் பக்கத்துப் பேச்சைக் கற்றுக்கொள்ள அரை நாள் எங்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், டீக்கு நான் காசு கொடுக்கிறேன்.

எங்கள் பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவார்கள். படம் எடுத்தால் பிரமாதமாக வரும், அதனால் மகளிர் தினம் வந்தால் கேமராவும் வந்துவிடும். 2015இல் இங்கிருந்து ஒரு அக்காவுக்கு சீக்காலஜி பரிசே கிடைத்தது, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற வெளிநாட்டுப் பரிசு. எங்கள் சித்தியும் பாசிக்குப் போகிறவர்தான். அவரை ஒரு சேனல் அரை நாள் தண்ணீரில் நிற்க வைத்து எடுத்தது. எப்போது வரும் என்று கேட்டதற்கு லிங்க் அனுப்புகிறோம் என்றார்கள். இன்று வரைக்கும் வரவில்லை. "நான் எப்படித் தெரிஞ்சேன்னு பாக்கணும்ல" என்று சித்தி இப்போதும் கேட்பார். ஒரு மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, மீதி நாள் அது வளரட்டும் என்று இந்தப் பெண்களே கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம்! அது ஸ்லோமோஷனில் அழகாக வராது போல, யாரும் கேட்பதில்லை.

கைதுச் செய்தியும் அப்படித்தான். "ராமேஸ்வரம் மீனவர்கள் கைது" என்று ஓடும், அதே பழைய படகு வீடியோ ஓடும், ராத்திரி எட்டு மணிக்கு நாலு பேர் கச்சத்தீவு பற்றிச் சண்டை போடுவார்கள். 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம், யார் கொடுத்தது, யார் தடுக்கவில்லை. 2025 செப்டம்பரில் இலங்கை ஜனாதிபதி அங்கே போய் நின்றதும் மறுபடி ஒரு சுற்று. பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு வேண்டியது எந்தப் படகு, உள்ளே யார் யார், எங்கே கொண்டுபோனார்கள், மன்னாரா காங்கேசன்துறையா, கோர்ட்டில் அடுத்த தேதி எப்போது. இதையும் சங்கத்துத் தலைவரின் வாய்ஸ் நோட்டில்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். இந்த வீடியோவே அதற்காகத்தான்.

எங்கள் அப்பத்தாவுக்கு இலங்கை வானொலி என்றால் உயிர். அவருக்கு மட்டும் இல்லை, இந்தக் கரை முழுக்க அப்படித்தான். 1952 வாக்கில் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஓரம் கட்டியது, தரமில்லை என்று. கேட்கிற ஜனம் சும்மா இருக்குமா? முள்ளைத் திருப்பி இலங்கைக்கு வைத்துக்கொண்டது. டெல்லி முழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் கைமாறிப் போயிருந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெளிநாட்டு ஸ்டேஷன். எங்களுக்குப் பக்கத்து வீடு. பாம்பனிலிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இப்போதும் அந்த முனையில் போய் நின்றால் சில நேரம் போன் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் காட்டும்.

கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். இந்த அறிவிப்பாளர்கள் பெயரை அப்பத்தா சொந்தக்காரர் பெயர் மாதிரிச் சொல்வார். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டை எங்கள் தலைமுறை டிவியில் பார்த்தது, அப்பத்தா அதற்கு முன்னாலேயே ரேடியோவில் கேட்டு முடித்தவர். காலையில் பொங்கும் பூம்புனல் பாட்டு நிகழ்ச்சி. அப்புறம் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இன்னார் காலமானார், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் மாமனார் என்று நீளமாகப் போகும். அப்பத்தா கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். யாரென்றே தெரியாதவருக்கு "அடப் பாவமே" சொல்வார். எங்களுக்கும் அந்தப் பக்கம் உறவு இருந்தது, பேர் வந்துவிடுமோ என்கிற பயமும் உண்டு.

அப்பத்தா அந்த ரேடியோவில் தன் ஊர் முகத்தைப் பார்த்ததே இல்லை, ரேடியோவில் முகம் ஏது? ஆனால் யாரோ தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று நம்பினார். கரண்ட் போனால் "அவரு பேசிக்கிட்டிருக்காரு, நமக்குத்தான் கேக்கல" என்பார். அந்த நம்பிக்கை எந்த ட்ரோனுக்கும் கிடைக்கவில்லை. எங்களைக் காட்டுகிறார்கள், எங்களோடு பேசுவதில்லை.

ரேடியோ என்றால் பழைய கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாம்பனிலேயே கடல் ஓசை என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, 90.4. 2016இல் ஆரம்பித்தார்கள். மீனவர்களுக்காகவே நடக்கிறது. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், கடல் என்ன சொல்கிறது, நடுநடுவே பாட்டு. பேசுகிறவர்களும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான், அதனால் காசிமேட்டுப் பேச்சுத் தொல்லை இல்லை. ரொம்பத் தூரம் எடுக்காது. மதுரையில் இருப்பவருக்குக் கேட்காது, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வியூஸ் கணக்குப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. எனக்கு இதில்தான் பொறாமை.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் அதை வைத்துத்தானே பிழைக்கிறேன். 2024 நவம்பர் 20 மழை ஞாபகம் இருக்கிறதா? மேக வெடிப்பு என்று சொன்னார்களே, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு எங்கள் தெருப் பசங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீடியோ எடுத்தார்கள். பி.ஜி.எம். இல்லை, தம்ப்நெயில் இல்லை. எந்தத் தெரு, எத்தனை வீடு, யார் வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள். ஆடி ஆடித்தான் இருந்தது. தண்ணீர் இறைக்க மோட்டார் வந்ததற்கு அந்த வீடியோதான் காரணம். அதை நான் பத்துத் தடவை பார்த்திருப்பேன்.

அதனால் சேனலில் ஒரு மாற்றம். இனி சனிக்கிழமை ஆடியோ மட்டும் போடப் போகிறேன், பத்து நிமிஷம். ஏலத்தில் என்ன மீன் என்ன விலை போனது, டோக்கன் நிலவரம், ரயில் பஸ் நேரம் மாறினால் அது, ஊரில் கல்யாணம், சாவு. வெளியூர் மக்களுக்கு போர் அடிக்கும், தாராளமாக ஸ்கிப் செய்யுங்கள்.

அப்புறம் ஒரு உதவி. இலங்கை வானொலியை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்த கேசட் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் சொல்லுங்கள். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சுத்தம் செய்து தருகிற ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். மேலே சினிமாப் பாட்டு பதிந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாட்டுக்கு நடுவில் பேச்சு இருக்கும், எனக்கு அதுதான் வேண்டும்.