குப்பைமேட்டுக் கரண்ட்

தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, விடியுமுன் தெருத்தெருவாக வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர்களே (உங்களைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், பொறுத்தருளுங்கள்), பாளையங்கோட்டையிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘குப்பை உயரும், கோபுரம் தாழும்’ என்பார்கள். நெல்லையப்பர் கோபுரம் தாழவில்லை. நம் மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு இருக்கும் ராமையன்பட்டியில் குப்பை உயர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். மேட்டின் வயிற்றுக்குள் காற்றுப்படாமல் அழுகும் குப்பை வாயுவாகிறது. அதில் ஏறத்தாழப் பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அதைக் கரண்டாக்க மூன்று வேலை: உறிஞ்சுவது, சுத்தம் செய்வது, மின்கம்பியில் ஏற்றுவது.

மேட்டில் துளையிட்டு, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்ட வேண்டும். மேல் 3 மீட்டருக்கு ஓட்டையில்லாத குழாய். அதைச் சுற்றி பெண்டோனைட் களிமண் அடைப்பு. இதுதான் வாயுக் கிணறு. புளோயர் என்னும் விசிறி இயந்திரம் அதிலிருந்து வாயுவை இழுக்கும். எவ்வளவு இழுப்பது என்பதில்தான் சூட்சுமம்.

ஆனித் தேருக்கு வந்த தாத்தா ஒருவர் பேரனுக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தாராம். பையன் உறிஞ்சுகிறான், ஏறவில்லை. “நல்லா இழுல!” என்றார் தாத்தா. கன்னம் குழிவிழ இழுத்தான். பர்ர்ர் என்று சத்தம்தான் வந்தது. தாத்தா கடைக்காரர்மேல் பாய்ந்தார்: “என்னவே, துட்டை வாங்கிட்டு வெறுங்காத்தைக் குடுக்கீரு?” கடைக்காரர் உறிஞ்சுகுழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அண்ணாச்சி, குழாய் கீறியிருக்கு. உம்ம பேரன் எம்புட்டு இழுக்கானோ அம்புட்டுக் காத்துதான் வரும்!”

மேடும் அப்படித்தான். மூடிய மண்ணில் வெடிப்பிருக்க, வாயு குறைகிறதே என்று வால்வைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே இறங்கும். கிணற்று வாயில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தொட்டாலும், வெப்பம் 55 டிகிரியைத் தாண்டினாலும் வால்வைக் குறைத்து வெடிப்பை அடைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடும் ஏறினால் உள்ளே தீ கனல்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, சுத்தம். ஈர வாயு குழாயில் குளிர்ந்து தண்ணீராகும். குழாய் எங்காவது தொய்ந்தால் அங்கே தேங்கி இழுப்பையே அடைத்துவிடும். சரிவு வேண்டும், தாழ்ந்த இடத்தில் வடிகலன் வேண்டும். ஷாம்பு, கிரீம் மிச்சத்திலிருந்து வரும் சிலாக்சேன் என்னும் சிலிக்கான் சேர்மம் எஞ்சினுக்குள் எரிந்து, ஸ்பார்க் பிளக்கிலும் வால்விலும் வெள்ளை மணலாய்ப் படியும். அதைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆயிலைப் புளிக்கவைத்து பேரிங்கைத் தின்னும்.

100 கிலோவாட் எஞ்சினுக்கு மணிக்குச் சுமார் 60 கனமீட்டர் வாயு போதும். காற்றாலைபோல் ஆடிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் சாப்பாட்டுக் கழிவின் வாயுவில் பெரும்பகுதி, நாம் கிணறு போடுமுன்பே பறந்துவிடுகிறதே! குப்பை உயரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? மக்கும் குப்பையைத் தனியே மூடிய கலனில் போட்டால் வாயுவும் சிக்கும், ஷாம்பு பாட்டிலும் கலக்காது. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின. மாமன்ற உறுப்பினர்களே, ரதவீதி ஓட்டல் இலைக்கும் மார்க்கெட் கழிவுக்கும் தனி வண்டி விடுங்கள். பிரித்த குப்பையை ஒரே வண்டியில் கொட்டினால் பிரித்தவர்களுக்கு என்ன மரியாதை?

மூன்றாவது, மின்கம்பி... செயலாளர் சீட்டு நீட்டிவிட்டார். தனி வண்டியை மட்டும் தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.