பிறந்த ஆண்டைக் கேட்கும் ஐந்து விநாடி

நேயர்களுக்கு வணக்கம். மதுக்கூடங்களில் வயதுச் சோதனை எப்படி நடக்கிறது, அதையும் தாண்டி உரிய வயது நிரம்பாதவர்களின் கைக்கு மதுக்கோப்பை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். மது விற்க உரிமம் பெற்ற இடங்களில் புதிதாக வேலைக்குச் சேருவோருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி வகுப்பு எடுத்தவன் நான். ஆகவே, சட்டத்தை இயற்றியவரின் இடத்திலிருந்து அல்லாமல், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரின் இடத்திலிருந்து இதைச் சொல்ல முயல்கிறேன்.

வாரக் கடைசியின் இரவு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைவு, இசை உரக்க ஒலிக்கிறது, கவுன்ட்டரின் முன்னால் மூன்று வரிசை ஆள்கள். ஒரு முகம் முன்னே வருகிறது. அது 17 வயது முகமா, 22 வயது முகமா என்று பரிமாறுகிறவர் ஐந்து விநாடிக்குள் தீர்மானிக்க வேண்டும். கொடுக்கக்கூடாதவருக்குக் கொடுத்துவிட்டால் அது குற்றம். கொடுக்க வேண்டியவரைத் தடுத்தால், நண்பர்களின் முன்னால் அவரைச் சிறுபிள்ளை ஆக்கிய பழி. பரிமாறுகிறவருக்கே பெரும்பாலும் 19 அல்லது 20 வயதுதான் இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் சட்டப்படி 18 நிரம்பாத ஒருவர்கூட, பொறுப்பாளர் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒப்புதல் தந்தால், மது விற்கலாம். தான் குடிக்க முடியாததை இன்னொருவர் குடிக்கலாமா என்று தீர்ப்புச் சொல்லும் நிலையில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை நிறுத்தும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதுமே விசித்திரமாகப் பட்டிருக்கிறது.

வயது வரம்பு என்பது இயற்கை வகுத்த கோடு அல்ல. பப் என்னும் அமைப்பு வேரூன்றிய பிரிட்டனில், தந்தைக்காகக் குவளையை எடுத்துக்கொண்டு போய்ப் பீர் வாங்கி வரும் வேலை ஒரு காலத்தில் பிள்ளைகளுடையதாக இருந்தது. வழியில் ஒரு வாய் பருகிப் பார்ப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1901-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் முத்திரையிட்டு மூடிய கலத்தில் அல்லாமல் மதுவைக் கொடுக்கக்கூடாது என்றது. குழந்தையை அனுப்புவதை அது தடுக்கவில்லை, வழியில் பருகுவதை மட்டுமே தடுத்தது. 1908-இல் வந்த குழந்தைகள் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை மதுக்கூடத்தின் பார் பகுதிக்குள் விடக்கூடாது என்றது. 18 என்ற எண் 1923-இல்தான் வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதன்முதலாக அமர்ந்த பெண் உறுப்பினரான நான்சி ஆஸ்டர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம் அது.

மற்ற நாடுகளில் எண்கள் வேறு. ஜெர்மனியில் பீரும் வைனும் 16 வயதில் வாங்கலாம், விஸ்கி, பிராந்தி போன்ற வடித்த மது வகைகளுக்கு 18 ஆக வேண்டும். ஜப்பான் 2022-இல் வயதுவந்தோர் என்பதற்கான வயதை 20-லிருந்து 18-ஆகக் குறைத்தபோதும், மதுவுக்கான வயதை மட்டும் 20-இலேயே வைத்துக்கொண்டது. இந்தியாவில் கோவாவுக்கு 18, டெல்லிக்கு 25. ஒரே நாட்டின் குடிமகன், விமானம் ஏறி இறங்குவதற்குள் ஏழு ஆண்டு மூத்தவராகவோ இளையவராகவோ ஆகிவிடுகிறார்.

எண் வெறும் சம்பிரதாயம்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் அனுபவத்தைச் சொல்வது என் வழக்கம். வாக்களிக்கும் வயது 1971-இல் 18-ஆனதை ஒட்டி, அங்கே பல மாநிலங்கள் மது வயதையும் குறைத்தன. சில குறைத்தன, சில குறைக்கவில்லை. ஆகவே 21 வரம்புள்ள மாநிலத்து இளைஞர்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, அதே இரவில் அதே காரை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். அந்த எல்லைச் சாலைகளில் நேர்ந்த சாவுகளே விவாதத்தின் போக்கை மாற்றின. 1984-இல் மத்திய அரசு, வரம்பை 21-ஆக உயர்த்தாத மாநிலத்தின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதாகச் சட்டம் செய்தது. தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்தது, 1987-இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்து சேர்ந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது 21 சரி, 18 தவறு என்பதை அல்ல. இடத்துக்கு இடம் மாறும் வரம்பு, வரம்பே இல்லாததைக் காட்டிலும் சில வேளைகளில் ஆபத்தானது என்பதைத்தான். அது மாநிலங்களுக்கு மட்டுமல்ல, ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மதுக்கூடங்களுக்கும் பொருந்தும். ஒன்று கேட்கும், இன்னொன்று கேட்காது என்றால், எது கேட்காது என்ற செய்தி பள்ளி மாணவர்களிடையே ஒரே வாரத்தில் பரவிவிடும்.

இனி முகத்துக்கு வருவோம். முகத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் பலர், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகை. வகுப்பின் முதல் நாளில் சில படங்களைக் காட்டி வயதை எழுதச் சொல்வேன். தாடி வைத்த பையனுக்கு 24 என்று எழுதியிருப்பார்கள், அவனுக்கு 16. ஒப்பனையும் உடையும் உயரமும் கண்ணை எளிதில் ஏமாற்றும். கூட வந்தவர்களின் வயதும் அவர்மேல் படிந்து, முப்பது வயதுக்காரர்கள் நால்வருக்கு நடுவே நிற்கும் சிறுவன் சற்று முதிர்ந்தே தோன்றுவான்.

கண் பிழைபடும் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தப் பிழைக்கு இடம்விட்டு வகுத்த முறைதான் பிரிட்டனில் முதலில் சேலஞ்ச் 21 என்றும், பின்பு சேலஞ்ச் 25 என்றும் வந்தது. முதலாவதை 2006-இல் மதுக்கூட உரிமையாளர்களின் சங்கமே தொடங்கியது. பார்வைக்கு 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது, அட்டை 18 நிரம்பியதைக் காட்டினால் மறுபேச்சின்றி மது கொடுப்பது என்பதே முறை. இதை 25 வயதுக்குக் குறைந்தவருக்கு மது கிடையாது என்று தவறாகப் புரிந்துகொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. வரம்பு 18-தான், 25 என்பது கண்ணின் தடுமாற்றத்துக்காக விட்ட ஏழு ஆண்டு இடைவெளி. ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபர் முதல் இது சட்டப்படி கட்டாயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் ஒவ்வொரு உரிமதாரரும் ஏதேனும் ஒரு வயதுச் சோதனைக் கொள்கையை வைத்திருக்க வேண்டும், இடைவெளியின் அளவு அவர்கள் விருப்பம்.

இந்த இடைவெளியின் பெரிய நன்மை, சந்தேகத்தை மரியாதையாக மாற்றுவதுதான். "உங்களைப் பார்த்தால் பதினெட்டு ஆனமாதிரி தெரியவில்லையே" என்று சொல்வதற்கும், "இருபத்தைந்துக்குள் தோன்றும் எல்லாரிடமும் கேட்பது இங்கே வழக்கம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்! முதலாவது தனிமனிதர்மேல் விழும் அம்பு, இரண்டாவது எல்லாருக்கும் பொதுவான நடைமுறை. மறுப்பதானால் கோப்பையில் ஊற்றுவதற்கு முன்பே மறுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுப்பேன். ஊற்றிவிட்ட கோப்பை நடுவில் இருக்கும்போது நடக்கும் வாக்குவாதம் வயதைப் பற்றியதாக இராது, அந்தக் கோப்பை யாருடையது என்பதைப் பற்றியதாகிவிடும்.

அட்டையைக் கேட்டாயிற்று, அட்டையும் வந்தது. போலி அட்டை என்றதும் எங்கோ ஒரு மறைவான அச்சகத்தை எண்ணிக்கொள்கிறோம். அப்படிப்பட்டவையும் உண்டு. முப்பரிமாண முத்திரை இல்லாதது, புற ஊதா விளக்கில் காட்டினால் மறைகுறிகள் தெரியாதது, ஓரம் தடித்திருப்பது போன்ற அடையாளங்களால் அவற்றில் பலவற்றைக் கண்டுகொள்ளலாம். கடினமானது இரவல் அட்டை. அது அசல் அட்டை. அண்ணனுடையது அல்லது அக்காவுடையது. முத்திரையும் விளக்கும் அங்கே உதவா. தலைமுடியைப் பார்க்காதீர்கள், அது மாதத்துக்கு ஒருமுறை மாறும். காதின் அமைப்பையும் மூக்கையும் தாடையையும் பாருங்கள் என்போம். பிறந்த தேதி என்ன என்று கேட்டுப் பயனில்லை, அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருவார்கள். பள்ளியை எந்த ஆண்டு முடித்தீர்கள் என்று கேட்டால், மனப்பாடத்தில் இல்லாத அந்தக் கணக்கைப் போட அவர்களுக்கு ஒரு நொடி பிடிக்கும், அந்த நொடியே விடை. பரிமாறுகிறவரும் கணக்கில் இடறக்கூடும். ஆகவே, இன்று மது வாங்கக்கூடியவர் எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பதைக் கல்லாவின் அருகில் எழுதி ஒட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 21 நிரம்பாதவரின் ஓட்டுநர் உரிமத்தை நெடுக்குவாட்டில் அச்சிடுகின்றன. அட்டை கைக்கு வருமுன்பே அதன் நிற்கும் கோலம் எச்சரித்துவிடுகிறது. இத்தனை எளிய யோசனை மற்ற நாடுகளில் அதிகம் பரவாதது ஏன் என்று நான் வியப்பதுண்டு.

முகத்தைப் படம்பிடித்து வயதை மதிப்பிடும் கணினிக் கருவிகளும் வந்துவிட்டன. அவை களைப்படைவதில்லை, வரிசை நீண்டாலும் பதறுவதில்லை. ஆனால் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களின் முகங்களில் அவற்றின் பிழை பெரும்பாலும் கூடுதலாக இருப்பது தெரிந்தது. ஆகவே கருவிக்கும் நம் கண்ணுக்கு விட்டதைப்போன்ற ஓர் இடைவெளியை விட்டே ஆக வேண்டும். அட்டையை வருடிப் படிக்கும் இயந்திரங்களைப் பற்றி எனக்குள்ள தயக்கம் வேறு. கவுன்ட்டருக்குத் தேவைப்படுவது வயது நிரம்பியதா இல்லையா என்ற ஒற்றை விடை, இயந்திரம் அள்ளிக்கொள்வதோ பெயரையும் முகவரியையும்கூட.

சோதனை எவ்வளவு கறாராக இருந்தாலும் அதைச் சுற்றிப் போகும் வழி ஒன்று பப்பின் இயல்பிலேயே இருக்கிறது. அங்கே ஒருவர் எல்லாருக்குமாக வாங்கி வருவார், அடுத்த சுற்றை வேறொருவர் வாங்குவார். கவுன்ட்டரில் நிற்பவருக்கு 20 வயது, அட்டையும் சரியாக இருக்கிறது. அவர் வாங்கும் ஐந்து கோப்பைகளில் ஒன்று மூலையில் அமர்ந்திருக்கும் பதினாறு வயதுத் தம்பிக்குப் போகிறது. சட்டம் இதையும் குற்றம் என்கிறது, ஆனால் மேசைகளுக்கிடையே நடந்து பார்க்க ஓர் ஆள் இருந்தால்தான் அது கண்ணில் படும். இங்கிலாந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 16, 17 வயதினர், பெரியவர் ஒருவர் கூட இருந்து வாங்கிக்கொடுத்தால், மேசையில் அமர்ந்து உண்ணும் உணவோடு பீரோ வைனோ சைடர் என்னும் ஆப்பிள் மதுவோ குடிக்கலாம், வடித்த மது கூடாது. அந்த உணவு சாப்பாடா, வெறும் கொறிப்பா என்ற கேள்வியை நடு இரவில் தீர்க்க வேண்டியவரும் அதே பரிமாறுகிறவர்தான்.

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஒருமுறை தவறி விற்றுவிட்டால், பரிமாறியவர்மேல் அந்த இடத்திலேயே 90 பவுண்டு அபராதம் விதிக்கலாம். மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை நடந்தால் உரிமதாரர் சிக்குவார். 48 மணி நேரம் முதல் 336 மணி நேரம் வரை விற்பனையை நிறுத்திவைக்க நேரலாம். ஆனால் முதல் தவறின் சுமையைத் தாங்குகிறவர் அந்த இடத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர். ஒருபக்கம் அட்டையைக் கேள் என்று சுவரில் ஒட்டிவிட்டு, மறுபக்கம் இன்றிரவு இத்தனை விற்றாக வேண்டும் என்று அழுத்துவதையும், மறுக்கப்பட்ட வாடிக்கையாளர் கூச்சலிட்டதும் மேலாளர் வந்து "சரி, இந்த ஒருமுறை கொடுத்துவிடு" என்று பணிவதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படி ஒருமுறை பணிந்துவிட்டால், அந்தப் பரிமாறுகிறவர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கமாட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

வயது நிரம்பாத தன்னார்வலர் ஒருவரை அனுப்பி வாங்கச் செய்து பார்க்கும் சோதனைக் கொள்முதலைப் பொறி வைப்பது என்று கண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பெரியவர்போல் வேடமிடாமலும், வயதைக் கேட்டால் உண்மையைச் சொல்லும்படியும் அனுப்பப்படுகிற வரையில் எனக்கு அதில் மறுப்பில்லை. கேட்டிருந்தாலே தப்பியிருக்கக்கூடிய சோதனை அது.

மதுக்கூடத்தில் தடுத்தால் அந்தப் பிள்ளைகள் புட்டியோடு பூங்காவுக்குப் போவார்கள், பெரியவர்கள் கண்ணெதிரே ஒரு கோப்பை குடிப்பது அதைவிட மேலல்லவா என்ற வாதமும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. உரிய வயதாகாதவர்களுக்கு மது பெரும்பாலும் வீட்டிலிருந்தும் நண்பர்களிடமிருந்துமே கிடைக்கிறது. மதுக்கூடம் பல வாசல்களில் ஒன்றுதான். ஆனால் அந்த மேற்பார்வை என்பது, அறிந்தவர்கள் கூடும் சிறிய இடத்தில் இருந்திருக்கலாம். நெரிசலில் முகம் தெரியாத நூறு பேருக்கு நடுவே யாரை யார் மேற்பார்ப்பது?

கடைசியாக ஒரு சிறிய பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல மதுக்கூடங்களில் கல்லாவின் அருகே மறுப்புப் பதிவேடு ஒன்று இருக்கும். யாருக்கு, எந்த நேரத்தில், என்ன காரணத்தால் மது மறுக்கப்பட்டது, மறுத்தவர் யார் என்று இரண்டு வரியில் எழுதுவார்கள். வழக்கு என்று வந்தால், போதிய கவனத்தோடு நடந்துகொண்டோம் என்று காட்ட உரிமதாரருக்குக் கைகொடுப்பது அதுவே. நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்டு வாங்குவேன். மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதப்படாமல், மேலட்டை மடங்காமல் புத்தம் புதிதாக அது என் கைக்கு வரும்போதெல்லாம், உரிமதாரர் பெருமையோடு, "எங்களிடம் அப்படிப்பட்ட பிள்ளைகள் வருவதே இல்லை" என்பார். நான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, வார இறுதி இரவில் வேலை பார்க்கிறவரைத் தனியே அழைத்துப் பேசுவேன்.

நன்றி, வணக்கம்.