டீச்சரம்மாவை நம் நெஞ்சில் நிறுத்துவது வகுப்பறையே!

நடுவர் அவர்களே, இரு அணியினரே, டீச்சரம்மாவிடம் எழுத்துக் கற்றுக்கொண்டு இன்று தலை நரைத்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

92 ஆண்டுகள் வாழ்ந்து, சென்ற ஆண்டு இதே மாதத்தில் நம்மை விட்டுப் பிரிந்த டீச்சரம்மாவை, என் அப்பத்தாவை, நம் நெஞ்சில் நிறுத்துவது வகுப்பறையா, வீடா என்பது தலைப்பு. வகுப்பறையே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணியில் எனக்கு முன் பேசிய என் அத்தை, டீச்சரம்மாவின் மூத்த மகள், போகிற போக்கில் ஒரு குண்டை வீசிவிட்டு அமர்ந்தார்கள். "பெற்ற பிள்ளை விடுதியிலிருந்து எழுதிய கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவர் அந்த டீச்சர், அந்த டீச்சரை மன்னித்துவிட்டுத்தான் நாங்கள் எங்கள் அம்மாவை நினைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். பந்தல் அதிரக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் அத்தைக்கு உரியதுதான். ஆனால் அந்தக் கடிதம் இதோ என் கையில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. வகுப்பறை என்றால் நான்கு சுவரும் ஒரு கரும்பலகையும் என்று எதிரணி எடுத்துக்கொண்டதுபோலத் தெரிகிறது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா புழக்கத்துக்கு வந்தபோது, 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசாவாக மாறியது. பள்ளியில் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். குழம்பியவர்கள் சந்தையில் விற்றவர்களும் வாங்கியவர்களும்தான். ஓரணாவுக்கு 6 நயா பைசா, மூன்றணாவுக்கு 19 நயா பைசா என்பது கணக்கு. அப்படியானால் கீரைக்கட்டை ஓரணா வீதம் தனித்தனியாக மூன்று பேருக்கு விற்ற பெண்ணுக்குக் கிடைப்பது 18 நயா பைசா. ஒருவரே மூன்று கட்டு வாங்கினால் 19. அந்த ஒரு பைசா எங்கே போனது என்று டீச்சரம்மாவிடம் கேட்டு அந்தப் பெண் கூடையோடு வந்து ஏறிய இடம் எங்கள் வீட்டுத் திண்ணை. இரவு விளக்கு வைத்த பிறகும் அந்தத் திண்ணையில் கூட்டம் குறையவில்லை என்று என் தாத்தா சொல்வார். ஓய்வு பெற்ற பின்னும் டீச்சரம்மா ஓயவில்லை. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில் நம் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் எழுந்தது. எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். அப்போது கல்லுடைத்துக் காய்த்த கைகளைப் பிடித்து அதே திண்ணையில் 'அ' போட வைத்தவர் டீச்சரம்மா. ஆகவே எதிரணி உரிமை கொண்டாடும் அந்த வீட்டின் வாசலே வகுப்பறைதான், நடுவர் அவர்களே.

இப்போது கடிதம்.

இது ஓர் இன்லாண்டு லெட்டர், எழுதிய தாளையே மடித்து ஒட்டி அனுப்பும் கடிதம். 1979-ஆம் ஆண்டில் என் அப்பா திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது எழுதியது. நீல நிறம் வெளுத்து, மடிப்பு மூன்றிலும் நூலாக இற்றுப்போயிருக்கிறது. இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் பலவிதமாகச் சொல்வார்கள். ஐந்து பிழை என்பார் ஒருவர், பதினொன்று என்பார் இன்னொருவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். நேற்று இரவு நானே உட்கார்ந்து எண்ணினேன். ஏழு. 'சாப்பிடுகிறேன்' என்பதில் இடையின ர. 'வயிறு' என்பதிலும் அதே ர. 'பணம் போதும்' என்பதில் றன்னகர ன. இப்படி ஏழு இடங்களில், ஏழு சிவப்பு வட்டங்கள்.

வட்டம் போடாத இடங்களையும் நான் உங்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1978-இல், தந்தை பெரியார் தம் இதழில் பல காலம் முன்பே கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றுக்கொண்டது. யானைத் தும்பிக்கை போல வளைந்து நின்ற பழைய ணை, லை, ளை, னை எல்லாம் போய், இன்று நாம் எழுதும் வடிவம் வந்தது. பிள்ளைகளுக்குப் பழைய வடிவத்தையே கால் நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்த கை, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரவில் அடுப்படியில் புதிய வடிவத்தை எழுதி எழுதிப் பழகியதைப் பார்த்தவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். என் அப்பா இந்தக் கடிதத்தில் தும்பிக்கை வைத்த லைதான் எழுதியிருக்கிறார். அந்த இடங்களில் சிவப்பு மை இல்லை. பக்கத்தில், பென்சிலால், அழுத்தாமல், புதிய லை மட்டும் எழுதிக் காட்டப்பட்டிருக்கிறது. தெரிந்து செய்த பிழைக்கும் தெரியாமல் எழுதியதற்கும் வேறு வேறு கோல் எடுத்த அந்த மனத்தைத்தான் அத்தை மன்னிக்கச் சொல்கிறார்கள்.

அத்தை சொல்லாமல் விட்டது கடைசி வரி. என் அப்பா 'நான் நலமாக இருக்கிறேன்' என்று முடித்திருக்கிறார். அதன் கீழே சிவப்பு மையில் இருப்பதை அப்படியே படிக்கிறேன்: "நீ ற எழுதத் தெரியாத பிள்ளை இல்லை. உடம்புக்கு என்ன?"

நடுவர் அவர்களே, இதை மறுபடியும் படிக்க அனுமதி வேண்டும். "நீ ற எழுதத் தெரியாத பிள்ளை இல்லை. உடம்புக்கு என்ன?"

திருப்பி அனுப்பினார் என்றார்கள் அத்தை. இந்தக் கடிதத்தின் முகவரிப் பக்கத்தைப் பாருங்கள். திருச்சியில் விழுந்த முத்திரை ஒன்று, நம் ஊரில் விழுந்த முத்திரை ஒன்று, இரண்டுதான் இருக்கின்றன. திரும்பிப் போனதற்கு முத்திரை கிடையாது. பிரித்த இன்லாண்டை மறுபடி ஒட்டி அனுப்பவும் முடியாது. அத்தை அப்போது திருமணமாகி வேறு ஊரில் இருந்தார்கள். அவர்கள் காதுக்குக் கதை பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதி இது: வழக்கம்போல இரவில் கடிதத்தைத் திருத்தத் தொடங்கிய டீச்சரம்மா, ஏழாவது வட்டம் போட்டதும் பேனாவை மூடிவிட்டார். பொழுது விடிய, தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் பேருந்தில் ஏறினார். கடிதம் தபாலில் போகவில்லை. அவருடைய மஞ்சள் பையில் அவரோடு போனது. விடுதிக் கட்டிலில் என் அப்பா சோறு பிடிக்காமல் சுருண்டு கிடந்தார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் கண் மஞ்சள். மஞ்சள் காமாலை. யாருக்கும் சொல்லவில்லை, அம்மா பயந்துவிடுவாள் என்று நலம் என எழுதியிருக்கிறார். கையோடு மருத்துவரிடம் காட்டி, வீட்டுக்கு அழைத்து வந்து, எண்ணெயை நிறுத்தி, மோரும் கஞ்சியுமாகத் தேற்றி எடுத்தார் அப்பத்தா.

பொய்யை எழுதிவிடலாம், அந்தப் பொய்யை எழுதும் கை சோர்ந்திருப்பதை மறைக்க முடியாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது எது? ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தைப் படித்துப் படித்து, எவன் வீட்டில் நேற்று அடுப்பெரியவில்லை, எவள் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்று சிலேட்டிலிருந்தே அறிந்துகொண்ட அந்த வகுப்பறை. தாய்க்குக் கண் கொடுத்தது டீச்சர். அந்தச் சிவப்பு மை இல்லையென்றால் என் அப்பா இல்லை. அவர் இல்லையென்றால் அத்தையை மறுத்துப் பேச இந்த மேடையில் நானும் இல்லை.

இன்னும் பேசக் குறிப்பு எடுத்து வந்தேன். அதை மடித்து வைத்துவிட்டு, அத்தையும் நானும் மட்டும் அறிந்த ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்.

கடைசி ஆறு மாதங்கள் அப்பத்தாவுக்குப் பெயர்கள் நழுவின. என்னைப் பார்த்து "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். ஆனால் மாலையானால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, போர்வையை வருகைப் பதிவேடு போல மடியில் விரித்துக்கொண்டு, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய வகுப்பின் பெயர்களை வரிசை மாறாமல் கூப்பிடுவார். அந்த வரிசையில் இறந்துபோனவர்களும் உண்டு. பதில் வரும் வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டார். அதனால் வீட்டில் இருக்கும் நாங்கள், எந்தப் பெயருக்கும், அந்த அறையில் நின்று பதில் சொல்லுவோம்.

அந்த வரிசையில் அத்தையின் பெயரும் வரும். தன் வகுப்பில் படித்த மகள் தன்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அப்பத்தா போட்ட சட்டம். பள்ளிக்குள் அம்மா என்று அழைக்க அந்தச் சிறு பெண்ணுக்கு ஒரு நாளில் ஒரே ஒரு முறைதான் இடம் கிடைக்கும், பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது மட்டும்.

அன்றும் பெயர் வந்தது. அடுப்படியில் இருந்த அத்தை, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, கட்டிலின் கால்மாட்டில், எழுபது வயதில், கைகட்டி நின்று சொன்னார்கள்:

"உள்ளேன் அம்மா."

அப்பத்தா தலை நிமிர்த்திப் பார்த்தார். விரலால் போர்வையில் ஒரு கோடு போட்டுவிட்டு, "உட்கார்" என்றார்.

நன்றி, வணக்கம்.