ஒன்பது மீட்டர்

வணக்கம். இப்போது காலை ஆறேகால் மணி. சாலிகிராமத்தில், ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் நிற்கிறேன். பின்னால் தெரிகிறதா, எதிர்வீட்டுப் பாட்டி வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒரு கிண்ணம் கோலமாவு வாங்கியிருக்கிறேன். தோளில் இருப்பது முப்பது மீட்டர் டேப். பக்கத்து மனையில் வீடு கட்டும் கொத்தனார் அண்ணனிடம் இரவல் வாங்கியது. தெருவில் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை இந்த இரண்டையும் வைத்துத்தான் இன்றைக்குக் காட்டப் போகிறேன். வண்டி அதிகம் வராத நேரம் வேண்டும் என்பதால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறேன்.

ஏன் இந்த வீடியோ என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வடபழனியிலிருந்து காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். இந்தத் தெருவில் நான் வழக்கமாக நாற்பதில் வருவேன். நம்ம தெருதானே, எல்லாம் பழகின இடம்தானே என்ற எண்ணம். அன்றைக்கு, அதோ அந்த டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், நடுத்தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. ஹாரன் அடித்தேன், எழுந்திருக்கவில்லை. சரி என்று வேகத்தைக் குறைத்து அதைச் சுற்றிக்கொண்டு வந்தேன். இருபதில் வந்திருப்பேன். மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குள், இடது பக்கம் நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் பந்து உருண்டு வந்தது. பந்துக்குப் பின்னாலேயே ஒரு சின்னப் பெண்.

பிரேக் அடித்தேன். வண்டி நின்றது. அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்திருக்கும். அவள் முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து பந்தை எடுத்தாள், இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், அப்புறம்தான் நிமிர்ந்து காரைப் பார்த்தாள். பானட்டுக்கு மேலே அவளுடைய நெற்றியும் கண்ணும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன.

அவளுடைய அம்மா ஓடி வந்தார். வந்ததும் என்னிடம், "சாரிங்கண்ணா, கேட் திறந்திருந்ததைக் கவனிக்கலை" என்றார். நான் அன்றைக்கு எதுவும் பதில் சொல்லவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வார்த்தை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. சொந்த வீட்டு வாசலில் விளையாடிய பிள்ளைக்காக, அந்த வழியாகக் கார் ஓட்டி வந்த என்னிடம் ஒரு தாய் மன்னிப்புக் கேட்கிறார். அவர் கேட்டிருக்கவே கூடாது.

மறுநாள் காலையில் வந்து அளந்து பார்த்தேன். பந்து கண்ணில் பட்டபோது நான் இருந்தது இந்த மின்கம்பத்துக்கு நேராக. அவள் நின்றது அந்தப் பச்சைக் கேட்டுக்கு நேராக. நடுவில் ஒன்பது மீட்டர்.

வாருங்கள், கோடு போட்டுக் காட்டுகிறேன். இந்த மின்கம்பம்தான் தொடக்கம். இந்த இடத்தில் ஓட்டுபவர் ஆபத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததும் வண்டி நின்றுவிடாது. கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக நல்ல கவனத்தில் இருப்பவருக்கே கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, களைப்பாக இருந்தாலோ இன்னும் கூடும். அந்த ஒரு நொடியும் வண்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம்தான் பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம்.

இருபது கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் போகும், பிரேக் பிடித்த பிறகு இரண்டு மீட்டர் சொச்சம். மொத்தம் எட்டு மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். இதோ, எட்டாவது மீட்டரில் முதல் கோடு. முப்பது என்றால் மொத்தம் பதின்மூன்று மீட்டர். இங்கே இரண்டாவது கோடு. நாற்பது என்றால் இருபது மீட்டர். கொஞ்சம் நடக்க வேண்டும், என்னோடு வாருங்கள்... இங்கே. ஐம்பது என்றால் இருபத்தெட்டு மீட்டர். அதற்கு மூன்று வீட்டு வாசலைத் தாண்டி, இந்த வேப்பமரம் வரை வந்திருக்கிறேன். நல்ல டயர், காய்ந்த ரோடு, ஒரு நொடி கவனம் என்று எல்லாவற்றையும் ஓட்டுபவருக்குச் சாதகமாக வைத்துப் போட்ட கணக்கு இது. மழைத்தண்ணீர் நின்றால் கோடுகள் எல்லாம் இன்னும் தள்ளிப் போகும்.

இப்போது முதல் கோட்டுக்குத் திரும்பிப் போவோம். ஒன்பதாவது மீட்டரில் அந்தப் பிள்ளை. இருபதில் வந்ததால் எட்டில் நின்றேன். வழக்கம்போல நாற்பதில் வந்திருந்தால்? நாற்பதில் அந்த ஒரு நொடிக்கே பதினோரு மீட்டர் போய்விடும். அதாவது என் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே ஒன்பதாவது மீட்டரைக் கடந்திருப்பேன். வேகம் ஒரு புள்ளிகூடக் குறையாமல், முழு நாற்பதில். என் ஓட்டும் திறமையோ, பதினைந்து வருட அனுபவமோ அந்த இடத்தில் எதற்கும் உதவியிருக்காது. அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது ரோட்டில் படுத்திருந்த ஒரு நாய். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்றும் பாருங்கள். முப்பதுக்கும் நாற்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று பலர் கேட்கிறார்கள். முப்பதில் வந்தவர் பதின்மூன்றாவது மீட்டரில், இந்தக் கோட்டில், முழுசாக நின்றுவிட்டார். நாற்பதில் வந்தவர் இதே கோட்டைக் கடக்கும்போது எவ்வளவு வேகத்தில் இருப்பார் என்று கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட முப்பத்தைந்து. அவர் இப்போதுதான் பிரேக்கை மிதிக்கவே ஆரம்பித்திருக்கிறார். வித்தியாசம் பத்துதான் என்று தோன்றும். ஆனால் இந்தக் கோட்டில் ஒரு ஆள் நின்றால், முதல் வண்டி அவரைத் தொடாது, இரண்டாவது வண்டி முப்பத்தைந்தில் மோதும்.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரைப் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர் என்று வருகிறது. வண்டியில் ஏறாமல், சும்மா நடந்து போனவர்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் புதிய வேக வரம்பு கொண்டுவந்தது. கார் 60, பைக் 50, ஆட்டோ 40, கனரக வண்டி 50. இது பெரிய சாலைகளுக்கு. குடியிருப்புப் பகுதி என்றால் எந்த வண்டியாக இருந்தாலும் 30. இதை நான் சொன்னபோது எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரு முனையில் ஒரு பலகை இல்லை, தெரிய வழியும் இல்லை. அப்புறம், முப்பது என்பது உச்சவரம்பு. இந்தத் தெருவைப் பாருங்கள், இரண்டு பக்கமும் கார்கள், நடைபாதை கிடையாது, நடுவில் ஒரு வண்டி போக இடம். இங்கே முப்பதே அதிகம் என்பது என் கருத்து. இருபதுதான் சரி.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை ஆற்காடு சாலையில் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கத்து உள்தெருக்கள் எல்லாம் குறுக்குவழி ஆகிவிட்டன. மெயின் ரோட்டில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டவர், போனில் வரைபடம் காட்டும் வழியில் உள்ளே திரும்புகிறார். இழந்த நேரத்தையெல்லாம் இந்தத் தெருவில் பிடிக்கப் பார்க்கிறார். அவருடைய அவசரம் எனக்குப் புரிகிறது. நானும் தினமும் அந்த நெரிசலில் நின்றவன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். எங்கள் தெரு முனைக்கு முனை 450 மீட்டர். நாற்பதில் போனால் நாற்பது நொடி. இருபதில் போனால் எண்பது நொடி. மிச்சமாவது நாற்பது நொடி. வடபழனி சிக்னலில் அதைவிட அதிகமாக நிற்கிறோம்.

நான் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன், இதெல்லாம் கார்க்காரர்களுக்கு என்று சிலர் நினைக்கலாம். இந்த இடத்தில் கீழே பாருங்கள், மழைநீர் வடிகால் தோண்டி மூடிய மண். கையில் எடுத்தால் மாவு மாதிரி இருக்கிறது. இதன்மேல் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். அந்தப் பயத்தில் பலர் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறார்கள், அதனால் நிற்கும் தூரம் இன்னும் நீளும். ஸ்கூட்டரும் ஓட்டுபவரும் சேர்ந்து நூற்றெழுபது கிலோ இருக்கும். எழுபது வயதுக்காரர் ஒருவரை அது லேசாக இடித்து அவர் கீழே விழுந்தாலே இடுப்பெலும்பு முறிய வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு முன்போல எழுந்து நடக்க முடியாமல் போகிறவர்கள் பலர். மின்சார ஸ்கூட்டர் என்றால் சத்தமும் வராது, கோலம் போடக் குனிந்திருப்பவருக்குப் பின்னால் வண்டி வருவதே தெரியாது.

வேகத்தடை போட்டால் போதுமே என்று கேட்பீர்கள். இதோ, எங்கள் தெருவில் ஒன்று இருக்கிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். இருபத்தைந்தில் வரும் வண்டி சிரமமில்லாமல் ஏறி இறங்கும். இதை டேப் வைத்துப் பார்ப்போம்... அகலம் ஐம்பது சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு குட்டிச்சுவர் மாதிரி நிற்கிறது, வெள்ளைப் பெயிண்டும் இல்லை. அதனால் என்ன ஆகிறது என்றால், பைக்கில் வருபவர்கள் இதில் ஏறாமல் ஓரத்தில் இருக்கும் இந்த இரண்டு அடி இடைவெளியில் புகுந்து போகிறார்கள். அந்த இரண்டு அடியில்தான் பாட்டி தினமும் கோயிலுக்கு நடந்து போகிறார். மாநகராட்சியின் 1913 எண்ணில் நான் புகார் பதிவு செய்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி இருந்தால் நீங்களும் செய்யுங்கள், கூடவே வார்டு கவுன்சிலரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரியாவில் கிராஸ் என்ற நகரம் 1992-லேயே தன் குடியிருப்புத் தெருக்கள் முழுவதற்கும் முப்பது என்று வைத்துவிட்டது. ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் இப்போது பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் முப்பதுதான். அங்கே 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூலை வரை, ஒரு முழு வருடம், சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. பலகை மாட்டியதோடு விட்டுவிடவில்லை, தெருவை அகலம் குறைத்தார்கள், கேமரா வைத்தார்கள், பல வருடம் விடாமல் செய்தார்கள்.

நம் கையில் இருப்பதைப் பற்றிப் பேசுவோம். நான் இப்போது எப்படி ஓட்டுகிறேன் என்று சொல்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் இரண்டாவது கியர், பாட்டுச் சத்தம் குறைவு, கால் பிரேக்குக்கு மேலேயே இருக்கும். நிறுத்தியிருக்கும் கார்களின் அடியில் ஒரு பார்வை பார்ப்பேன். காருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையின் தலை தெரியாது, கால் தெரியும். பந்து வந்தால் பின்னாலேயே பிள்ளை வருகிறது என்று நின்றுவிடுவேன். ஸ்கூல் வேன் நின்றிருந்தால் தாண்டவே மாட்டேன், இறங்கிய பிள்ளை வேனுக்கு முன்னால் சுற்றித்தான் எதிர்ப்பக்கம் ஓடும். வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைச் சின்னப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடியாது. "பார்த்து வரக்கூடாதா" என்று அவர்களைத் திட்டிப் பயனில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். ஹாரன் அடித்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். காது கேட்காத தாத்தாக்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

ஆட்டோவில் போகிறீர்கள் என்றால், "அண்ணா, தெருவுக்குள்ள கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று சொல்லுங்கள். நான் சொன்ன யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. சாப்பாடு ஆர்டர் போட்டால், தம்பி போன் செய்யும்போது "அவசரமில்லை, பொறுமையா வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தத் தம்பியை ஓட வைப்பது நம்முடைய பசியும் அவருடைய நேரக் கணக்கும்தான்.

அப்புறம் பெற்றோர்களுக்கு ஒன்று. "தெருவுக்குள்ளதானே, பால் வாங்கத்தானே" என்று பதினான்கு, பதினைந்து வயதுப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிறீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள். அவன் கையால் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால், அதை அவன் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். நடந்தே போய்ப் பால் வாங்கி வரட்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு டேப், கொஞ்சம் கோலமாவு எடுத்துக்கொண்டு உங்கள் வாசலில் எட்டு, பதின்மூன்று, இருபது, இருபத்தெட்டு என்று கோடு போட்டுப் பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரையும் கூப்பிட்டு அந்தக் கோடுகளுக்கு நடுவில் நடக்கச் சொல்லுங்கள். நான் நூறு முறை பேசுவதைவிட அந்த நடை போதும். ஒரு ஆள் இரண்டு பக்கமும் வண்டி பார்த்துக்கொள்ளட்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

ஏதோ கூப்பிடுகிறார் பாட்டி... என்ன பாட்டி? பாருங்கள், கிண்ணத்தில் மிச்சமிருந்த மாவில் ஒன்பதாவது மீட்டரில், பச்சைக் கேட்டுக்கு நேராக, ஒரு சின்னத் தாமரை போட்டுவிட்டார். தண்ணீர் லாரி தெரு முனையில் திரும்புகிறது. அது வருவதற்குள் இதை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். பாட்டி, நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.