ஒட்டகத்தில் ஏறிய கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அரேபியத் தீபகற்பத்தின் நடுப்பகுதியான நஜ்திலும் அதைச் சூழ்ந்த பாலைவனங்களிலும் மக்கள் தங்கள் பேச்சுமொழியிலேயே புனைந்து, பெரும்பாலும் ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே காத்து வந்த கவிதையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதை நபதிக் கவிதை என்பார்கள். பெத்ரா நகரை மலையில் குடைந்த நபத்தேயர்கள் பாடிய கவிதை என்று இதைக் கொள்ளக் கூடாது. இராக்கில் அரமேய மொழி பேசிய உழவர்களையும் பழைய அரபிகள் நபத் என்றே அழைத்தார்கள். அரபியைச் சரிவரப் பேசத் தெரியாதவர்கள் என்ற ஏளனம் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. இலக்கணத்துக்குள் நில்லாத கவிதைக்கும் பிற்காலத்தில் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள். வசையாக வந்த பெயரை அதைப் பாடுகிறவர்கள் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த ஏளனத்தில் எனக்கும் ஒரு காலத்தில் பங்கு உண்டு. அரபிக் கல்லூரியில் ஏழாண்டு நஹ்வும் ஸர்ஃபுமாக அரபி இலக்கணம் படித்துவிட்டு, ரியாதில் ஒரு வணிக நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். குளிர்காலத்தில் ஒரு வியாழன் இரவு, உடன் வேலை பார்த்தவர் என்னைத் தம் உறவினர்களின் பாலைவன முகாமுக்கு அழைத்துப் போனார். நெருப்பைச் சுற்றி இருபது பேர் அமர்ந்திருந்தோம். முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடலும் அல்லாத பேச்சும் அல்லாத ஒரு குரலில் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும், அவர் வாயிலிருந்து அது முழுதாக வெளிவருவதற்குள், சுற்றியிருந்தவர்கள் தாங்களே சேர்ந்து சொன்னார்கள். முடிந்ததும் எல்லாரும் ஒரே குரலில் 'ஸஹ் லிஸானக்' என்றார்கள். உன் நாவு நலமாக இருக்கட்டும் என்பது அதன் பொருள். 'ஸஹ் பதனக்', உன் உடல் நலமாக இருக்கட்டும், என்று அவர் பதில் சொன்னார். நானோ அவர் விட்டுவிட்ட வேற்றுமை ஈறுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காப்பியைக் குறிக்கும் கஹ்வா என்ற சொல்லின் முதல் எழுத்தை அடித்தொண்டையிலிருந்து எழுப்பாமல், நாம் கங்கை என்று சொல்லும்போது வருகிற முதல் ஒலியைப் போல அவர் சொன்னது கூட எனக்குப் பிழையாகவே பட்டது.

என்னைப் போன்றவர்களுக்கு 1377ஆம் ஆண்டிலேயே பதில் எழுதி வைத்துவிட்டார் வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன். பதினோராம் நூற்றாண்டில் அரேபியாவின் பனூ ஹிலால் குலத்தார் எகிப்து வழியாக வட ஆப்பிரிக்காவுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் பேச்சுமொழியில் பாடிக்கொண்டிருந்த கவிதைகளைத் தம் வரலாற்றுக்கு எழுதிய முன்னுரையில் அவர் பதிவு செய்தார். சொல்லின் ஈறு கெட்டுவிட்டதென்று இலக்கணப் புலவர்கள் இவற்றைக் கேட்கவே கூசுகிறார்கள், ஆனால் சொல்வன்மைக்கும் அந்த ஈறுகளுக்கும் தொடர்பே இல்லை, சொல்ல வந்த பொருளுக்கும் சொல்லப்படும் சூழலுக்கும் வார்த்தை பொருந்தினால் அதுவே சொல்வன்மை என்பது அவருடைய வாதம். அந்த இடத்தை நான் மாணவனாக வாசித்துத்தான் இருந்தேன். அது எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்பது அந்த நெருப்படிக்குப் பிறகுதான் உறைத்தது.

சூழல் என்று அவர் சொன்னாரே, இந்தக் கவிதையின் அமைப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எண்ணற்ற நபதிக் கவிதைகள் 'யா ராகிப்', அதாவது 'ஏறிச் செல்பவனே', என்ற விளியோடு தொடங்குகின்றன. தூது போகிறவனைக் கவிஞர் அழைக்கிறார். அடுத்துச் சில வரிகளுக்கு அவன் ஏறியிருக்கும் பெண் ஒட்டகத்தைப் புகழ்கிறார். அது கன்று ஈனாதது. சினையும் பால் கொடுப்பதும் அதன் வலிமையைக் குறைத்துவிடவில்லை. மிரண்ட தீக்கோழியைப் போல ஓடக்கூடியது. பிறகு வழி சொல்கிறார்: இன்ன குன்றை இடப்புறம் விடு, இன்ன கிணற்றில் தண்ணீர் காட்டு, இத்தனையாவது இரவில் இன்னாருடைய கூடாரத்தைக் காண்பாய், அங்கே காப்பி இப்படி மணக்கும். அதன் பின்னரே செய்தி வருகிறது. அது மன்னிப்பாக இருக்கலாம், எச்சரிக்கையாக இருக்கலாம், கொள்ளையில் போன ஒட்டகங்களைத் திருப்பிக் கேட்பதாகவும் இருக்கலாம். செய்தியைப் பெற்றவர் கவிஞராக இருந்தால், வந்த சந்தத்திலும் வந்த இயைபிலுமே விடைக் கவிதை அனுப்புவது மரபு.

ஒட்டகத்தையும் வழியையும் இவ்வளவு நேரம் ஏன் பாட வேண்டும் என்று நகரத்து வாசகருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியதுண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், பல நாள் பயணத்துக்கு அப்பால் இருக்கும் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியதை, நடுவில் ஒரு மூன்றாம் ஆளின் நினைவில் ஏற்றி அனுப்புகிறார் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். சாதாரணப் பேச்சாக அனுப்பினால் போகிற வழியிலேயே சொல் மாறிவிடும், சொல் மாறினால் இரண்டு குலங்களுக்கு நடுவே வாள் உருவப்படலாம். சந்தத்தில் கட்டிய சொல்லை அப்படி மாற்ற முடியாது. பழைய இலக்கணக் கவிதையில் இரண்டு பாதிகளைக் கொண்ட ஒரு வரியின் முடிவில் மட்டும் இயைபு வரும். நபதிக் கவிதையிலோ முதற்பாதிகள் எல்லாம் ஓர் இயைபிலும் இரண்டாம் பாதிகள் எல்லாம் வேறோர் இயைபிலும் முடிவது பெருவழக்கு. ஒட்டகத்தின் ஒரு பக்கம் மட்டும் மூட்டை கட்டினால் சரிந்துவிடும் அல்லவா? இரு பக்கமும் எடை பார்த்துக் கட்டிய சுமை போன்றது அந்த வரி. புனைகிற முறையும் வாய்வழியே நடப்பதுதான். கவிஞர் முதலில் ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். சொற்கள் வந்து அந்த மெட்டில் உட்காரும். ஹஜீனி என்ற சந்தத்தின் பெயரே, ஏறிச் செல்லும் ஒட்டகத்தைக் குறிக்கும் ஹஜீன் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஓமானிலும் ஒட்டகத்தில் போகிறவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து மாறி மாறிப் பாடுகிற தக்ரூதா என்ற சிறுபாடல்களை 2012இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஏழு வரிக்கு மேல் அவை நீள்வதில்லை.

கவிதை வரியும் கூடாரமும் அரபியில் ஒரே சொல் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆட்டு மயிரால் பெண்கள் நெய்து தைக்கும் கறுப்புக் கூடாரம் 'பைத்'. கவிதையின் ஒரு வரியும் 'பைத்'. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் யாப்பிலக்கணம் வகுத்த கலீல் இப்னு அஹ்மத், அசைகளுக்கு முளை என்றும் கயிறு என்றும் பெயரிட்டார். வரியின் பாதிக்கு இரட்டைக் கதவின் ஒரு கதவைக் குறிக்கும் சொல்லே பெயராக நின்றது. தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர்களில் மவ்லிது சபைகளில் 'பைத்து' ஓதுகிறார்களே, அந்தச் சொல்லின் அடியிலும் இந்தக் கறுப்புக் கூடாரம்தான் நிற்கிறது. மழையில் நனைந்ததும் அந்த மயிர்நூல் பருத்து நெருங்கிக்கொள்ளும். நீர் உள்ளே இறங்காது. நஜ்துக் கவிஞர்களில் பலர் கலீலின் பெயரைக் கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முளையும் கயிறும் மட்டும் அவர்களுக்கு அன்றாடம் கைப்பட்ட பொருள்கள்.

அந்தக் கூடாரத்தின் நடுவே இருப்பது காப்பி அடுப்பு. நான் போன முகாமில் வீட்டுக்காரர் நீண்ட காம்புள்ள இரும்புக் கரண்டியில் காப்பிக் கொட்டையை இளம்பழுப்பாக வறுத்தார். ஆறவைத்துப் பித்தளை உரலில் போட்டு இடித்தார். உலக்கை கொட்டையில் விழும்போது மந்தமாகவும் உரலின் விளிம்பில் படும்போது கணீரென்றும் மாறி மாறி ஒலித்ததில் ஒரு தாளம் இருந்தது. அந்த ஒலிதான் அழைப்பு. அதைக் கேட்டவர் யாராயினும் வந்து உட்காரலாம். தல்லா என்ற நீள்மூக்குப் பாத்திரத்தில் கொதித்த காப்பியில் ஏலக்காய் விழுந்தபோது எனக்கு ஊர் வாசனை அடித்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய் நெடுங்காலமாகக் கடல் கடந்து அந்த அடுப்புகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே அதற்கு ஹேல் என்று பெயர். கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் அடியில் மட்டும் ஊற்றித் தருவார்கள். போதும் என்று வாயால் சொல்வதில்லை. கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். எனக்கு அது தெரியாததால் அன்று ஆறேழு கோப்பை குடித்து, விடியும்வரை கண் மூடவில்லை.

ஷம்மர் குலத்துத் துகைம் அள்ளல்மாவீ பாடிய காப்பிக் கவிதையை அறியாதவர் அந்த முகாமில் ஒருவரும் இல்லை. குலைப் என்பவனை அழைத்து நெருப்பை மூட்டச் சொல்கிறார் கவிஞர். மூட்டுவது மட்டும் உன் பொறுப்பு, விறகு உனக்குக் கொண்டுவந்து தரப்படும், ஏலக்காயும் கொட்டையும் என்னைச் சேர்ந்தது, தல்லாவை எடுத்து வைப்பது உன்னைச் சேர்ந்தது என்று வேலையைப் பங்கு போடுகிறார். எதற்காக இவ்வளவு? நெருப்பு ஓங்கி எரிய வேண்டும், எரிந்தால் இரவில் எங்கோ போய்க்கொண்டிருக்கும் முகமறியாத பயணிகளை அது நம்மிடம் இழுத்து வரும் என்கிறார். பாலைவனத்தில் இரவு நெருப்பு என்பது கொள்ளைக்காரனுக்கும் வழிகாட்டும். அதைத் தெரிந்துகொண்டே இன்னும் பெரிதாக மூட்டு என்கிற மனத்தைத்தான் அந்த மக்கள் பெருந்தன்மை என்று மதித்தார்கள்.

இங்கே ஒரு தடை சொல்லிக்கொள்கிறேன். பாலைவனக் கவிதை என்றதும் நமக்குச் சங்கப் பாடல்களின் பாலைத்திணை நினைவுக்கு வந்துவிடும். அந்த ஒப்பீட்டை நான் அதிகம் நம்புவதில்லை. நம் பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த நிலம். பொருள் தேடிப் போகிறவன் கடந்து போக வேண்டிய இடம். கால்நடைகளோடு இடம்பெயர்ந்து வாழும் பாலைவனத்து அரபியான பதூவிக்கோ அது மேய்ச்சல் நிலம், வீடு. இலையுதிர் காலத்து முதல் மழையை அவர்கள் 'வஸ்ம்' என்பார்கள். அது பெய்தால் புல் முளைக்கும், மண்ணுக்குள் காளான் கிழங்கு போல விளையும், ஒட்டகத்தின் மடி நிறையும். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, பல குலங்கள் ஒரே கிணற்றடியில் மாதக்கணக்கில் கூடிக் கிடப்பார்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தெற்கு வானில் விடியலுக்கு முன் சுஹைல் விண்மீன் தோன்றினால் வெயில் தணியப் போகிறது என்று பொருள். அந்தச் சுஹைலைத்தான் நாம் அகத்திய மீன் என்கிறோம்.

காதல் கவிதைகளின் துயரம் இந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது. கோடைக் கிணற்றடியில் வெவ்வேறு குலத்து இளைஞனும் பெண்ணும் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே பசி உண்டு, வெயில் உண்டு, கால்நடைகள் மெலிகின்றன. எல்லாரும் மழைக்காக ஏங்குகிறார்கள். மழையும் வருகிறது. வந்த மறுநாளே கூடாரங்களைப் பிரித்து ஒவ்வொரு குலமும் ஒவ்வொரு திக்கில் புல்லைத் தேடிப் போய்விடுகிறது. ஊரே கொண்டாடுகிற மின்னலை அவன் ஒருவன் மட்டும் சபிக்க வேண்டியவனாகிறான். திரும்பி வந்து பார்த்தால் அடுப்புக் கற்களும் சாம்பலும் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வாய்க்காலின் தடமும் கிடக்கின்றன. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபுக் கவிஞர்கள் நின்று அழுத அதே சுவடுகள்தாம் இவை. மொழி பேச்சாக மாறிய பின்பும் அழுகை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இவ்வளவு சொன்னதால் நபதிக் கவிஞர்கள் எல்லாருமே ஒட்டகம் மேய்த்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஹுமைதான் அஷ்ஷுவைஇர், அல்கஸப் என்ற சிற்றூரின் பேரீச்சந்தோட்டத்துக்காரர். ஊர்த் தலைவர்களையும் சொந்தக் குடும்பத்தையும் சேர்த்தே கிழித்தெறிந்த அங்கதக்காரர். நஜ்தில் 1790இல் பிறந்து 1831இல் குவைத்தில் கொள்ளைநோயில் இறந்த இப்னு லஅபூனின் பாட்டுகள் இன்றும் அவர் பெயரிலான மெட்டுகளில் பாடப்படுகின்றன. அவரும் ஊர்வாசியே.

இருபதாம் நூற்றாண்டு எல்லாவற்றையும் விரைவாக மாற்றியது. 1912 வாக்கில் நஜ்தின் அர்தாவிய்யாவில் தொடங்கி, பதூவிகளை ஊர்களில் குடியேற்றும் முயற்சி நடந்தது, குலங்களுக்கிடையிலான கொள்ளைப் படையெடுப்புகளைச் சவூதி அரசு நிறுத்தியது, எண்ணெய் வந்தது. ஒட்டகத்தின் இடத்துக்குச் சரக்குந்தும் பிக்கப் வண்டியும் வந்தபோது கவிஞர்கள் தயங்கவே இல்லை. 'ஏறிச் செல்பவனே' என்றே தொடங்கி, அதே முறையில் வண்டியின் சக்கரத்தையும் இயந்திரத்தின் உறுமலையும் புகழ்ந்தார்கள். வளைகுடா வானொலிகள் இந்தக் கவிதைக்கென்று நேரம் ஒதுக்கின. 2006 முதல் அபுதாபியில் நடக்கும் 'மில்லியன் கவிஞர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியைப் பல நாடுகளில் பார்க்கிறார்கள். 2010இல் ஹிஸ்ஸா ஹிலால் என்ற சவூதிப் பெண், முகத்திரைக்குள்ளிருந்து, வெறுப்பைப் பரப்பும் மார்க்கத் தீர்ப்புகளைச் சாடி அந்த மேடையில் கவிதை சொன்னார். கொலை மிரட்டல்கள் வந்தன. மூன்றாம் இடம் பெற்றார். தேர்வுக் குழுவும் குறுஞ்செய்தி வாக்கும் கவிதையை முடிவு செய்வது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லத் துணியாததைச் சந்தத்தில் கட்டிச் சொல்லிவிடும் பழைய வழக்கம் அங்கேயும் பலித்ததை மறுக்க முடியாது.

என்னை முகாமுக்கு அழைத்துப் போன நண்பர் சென்ற ஆண்டு கைப்பேசியில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய பேரன், வெளிநாட்டில் படிக்கும் பையன், தாத்தாவுக்காகப் புனைந்த கவிதை. யா ராகிப் என்றே தொடங்கி, கன்று ஈனாத ஒட்டகம், இடப்புறம் விட வேண்டிய குன்று, மூன்றாம் இரவில் காணும் நெருப்பு என்று ஒன்றும் விடாமல் சொல்லி, கடைசி இரண்டு வரியில் உடல்நலம் விசாரித்திருந்தான். கீழே நண்பர் எழுதியிருந்தார்: 'இவன் ஒட்டகத்தில் ஏறியதே இல்லை. வழி மட்டும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.'