சிங்கப்பூர் ரயில் பாதை ஏன் விற்கப்படவில்லை?

சிங்கப்பூரின் பழைய மலாயா ரயில் பாதையைப் பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஓர் அன்பர் எழுதியிருக்கிறார்: "ஓரடி நிலத்தைக்கூடச் சும்மா விடாத ஊர் அது. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டரை நடப்பவர்களுக்கு எப்படி விட்டார்கள்?" நல்ல குசும்பான கேள்வி, ரசித்தேன்.

ரயில் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், 2010-இலேயே, இதைப் பசுமைப் பாதையாக வைத்துக்கொள்ளலாம் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் யோசனை சொன்னது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இது பாதிப் பதில்தான். 2011 வரை அந்த நிலம் துண்டு போடப்படாமல் எப்படிப் பிழைத்தது? நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்!

1965-இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தது. ரயில் நிலம் மட்டும் மலேசிய ரயில்வேயின் கையிலேயே இருந்தது. அந்த நிலத்தைப் பற்றி 1990-இல் ஓர் உடன்பாடு போட்டார்கள். அதன் பொருள் என்ன என்பதிலேயே இரு நாடுகளும் இருபது ஆண்டுகள் மல்லுக்கு நின்றன. சண்டை தீரும்வரை யாரும் அங்கே அடுக்குமாடி கட்ட முடியவில்லை. அந்த இழுபறிக்கு நடப்பவர்கள் ஒரு கும்பிடு போடலாம். கடைசியில், 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் யார் தெரியுமா? மலேசியாவின் ஜொகூர் மாநிலச் சுல்தான்! சுல்தானே இன்ஜினில் ஏறிவிட்டார்.

என் பேச்சை வழக்கமாகக் கேட்பவர்களுக்கு அலுத்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: பழைய ரயில் பாதையின் சொத்தே அதன் அறுபடாத நீளம்தான். ரயில் இன்ஜினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதற்காக அன்றைக்கே மேட்டை வெட்டிப் பள்ளத்தைத் தூர்த்து வைத்தார்கள். இன்று முழங்கால் வலிக்காரரும் மூச்சு வாங்காமல் நடக்கிறார். தண்டவாளத்தில் பெரும்பகுதியைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்களை விட்டுவைத்தார்கள். கீழே வண்டிகள் பறக்க, சாலையில் காலே வைக்காமல் மேலே கடந்து போகலாம். நடுவில் ஒரே ஒரு மனையை விற்றிருந்தால் போதும், மீதி இரண்டு முட்டுச் சந்துகள்தான்.

குயின்ஸ்வே பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் முனீஸ்வரனுக்கு எழுப்பிய சிறு கோயில் பிறகு எப்படிப் பெரிய ஆலயமாக வளர்ந்தது என்று யாராவது கேட்பீர்கள் எனக் காத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த முறை கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.